உப்புப் பெட்டியில் ஒரு விரல்

வியாதியைப் பற்றித் துருவுக்குத் தெரிந்த அளவுக்குத் தப்பாகத் தெரிந்தவர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே வேறு எவரும் இருந்ததில்லை. அவ்வளவு தப்பான பஸ்ஸில் ஏறி அவ்வளவு சரியான ஸ்டாப்பில் இறங்கியவரும் வேறு எவரும் இல்லை. இரண்டுக்கும் என் விரல்களே சாட்சி.

துரு என்பது ஆளின் பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். ஆனால் கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டியே தன் நோட்டில் ‘துரு, காலை 5.50’ என்றுதான் எழுதுவார். வீடு வல்லக்கோட்டையில். முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்; அந்தத் தெருவிலேயே வருஷத்துக்கு மூன்று தடவை பெயின்ட் அடிக்கப்படும் இரும்பு கேட் அவருடையதுதான்.

ஒரகடத்தில் காருக்கு வேண்டிய பிராக்கெட், கிளாம்ப் எல்லாம் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்திருந்தேன். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்து, அதன் குமிழை விரலால் திருகித் திருகி, பார்ட் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அடுத்த மேஜை துருவுடையது. அவர் பொறுப்பில் ஓர் உப்புப் பெட்டி இருந்தது. ஐஸ் பெட்டி மாதிரி பெரிய மூடி போட்ட பெட்டி. உள்ளே எந்நேரமும் உப்புத் தண்ணீர் பனிபோல் தூவிக்கொண்டே இருக்கும். முலாம் பூசிய பார்ட்டை அதில் தொங்கவிட்டு, எத்தனை மணி நேரத்தில் துருப்பிடிக்கிறது என்று குறிக்க வேண்டும். முதலில் வருவது வெள்ளைத் துரு, அப்புறம் சிவப்புத் துரு. சிவப்பு சீக்கிரம் வந்துவிட்டால் அந்த லாட் மொத்தமும் அவுட்.

இந்த வேலையைப் பத்து வருஷம் செய்தால் மனிதன் என்ன ஆவான்? துரு ஆனார். வெறுங்கையால் பார்ட்டைத் தொட்டால் வியர்வை பட்டு மறுநாள் அந்த இடத்தில் கைரேகை துருவாக எழும்பும். அதைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். “இது மூணாவது லைன் குமாரோட கட்டவெரலு. நேத்து கேன்டீன்ல ஊறுகா தின்னுட்டு வந்துக்கிறான்” என்பார். குமாரைக் கூப்பிட்டு விசாரித்தால் ஊறுகாய் உண்மையாக இருக்கும்.

அவரது இன்னொரு ஆயுதம் டேக். எங்கள் பிழைப்பே மூன்று நிற அட்டைகளில் ஓடியது. பச்சை என்றால் ஓகே. மஞ்சள் என்றால் ஹோல்ட்: சந்தேகம் இருக்கிறது, முடிவு தெரியும்வரை ஓரமாக வை. சிவப்பு என்றால் ரிஜக்ட், நேராகக் குப்பைத் தொட்டி. துரு இந்த அட்டைகளைச் சட்டைப் பையில் கட்டாக வைத்துக்கொண்டு அலைவார். கேன்டீன் சாம்பார் வாளியில் ஒரு நாள் சிவப்பு டேக் தொங்கியது. கம்பெனி பஸ்ஸில் ஸ்பிரிங் வெளியே வந்த சீட்டில் சிவப்பு. வேலைக்கு வராமலே ஓ.டி. எழுதிய சூப்பர்வைசரின் முதுகில் மட்டும் மஞ்சள். “அந்தாளுக்குச் செவப்புதானே மாட்டணும்?” என்று நாங்கள் கொதித்தோம். துரு உப்புப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போய்விட்டார்.

இப்படி இருந்தவரை முழுசாகக் கெடுத்தது ஒரு மெடிக்கல் கேம்ப். கேன்டீனில் மூட்டுவலி பற்றிப் பேச ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் முன் வரிசை தூங்கியது, பின் வரிசை குறட்டை விட்டது. சில வியாதிகளில் நம் உடம்பின் காவல் படையே நம் மூட்டைப் பகையாக நினைத்து வீங்க வைத்துவிடும் என்றார் அவர். வீங்கிய இடத்தில் ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகிற முரட்டுத் துகள்கள் பெருகி, மேலும் மேலும் கெடுக்கும். “இதை ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்லுவோம். ஒரு உதாரணத்துக்குச் சொல்லணும்னா, இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி.”

துரு எழுந்து நின்றுவிட்டார்.

“டாக்டர், எத்தினி மணி நேரத்துல செவப்புத் துரு வரும்?”

டாக்டரம்மா திகைத்தார். “உதாரணத்துக்குத்தாங்க சொன்னேன்.”

“புரியுது டாக்டர். அப்போ கோட்டிங் குடுக்க முடியாதா?”

டாக்டரம்மா பொறுமைசாலி. கேட்டவரை உட்கார வைக்காமல் பதில் சொன்னார். பெப்டைடு என்று ஒன்று உண்டு, புரதத்தின் சின்னத் துண்டு, நாலைந்து மணி கோத்த மாதிரி இருக்கும். அதைச் சரியாகக் கோத்துவிட்டால், வீங்கிய இடத்தை மட்டும் தேடிப் போய் அங்கே நடக்கிற அட்டகாசத்தை அடக்கும் என்று நம்பி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள். கடையில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை, வர நாளாகும். துரு ஒரு மஞ்சள் டேக்கின் பின்பக்கத்தில் ‘பெப்டைடு’ என்று எழுதிக்கொண்டார். ‘உதாரணத்துக்கு’ என்ற வார்த்தையை மட்டும் கேன்டீனிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து ஒரு வாரம் யாரும் தும்ம முடியவில்லை. “தும்முறியா? துருபா அது.” சர்க்கரை துரு, முதுகுவலி துரு, மாமியார் சண்டை மனசில் பிடித்த துரு. பெப்டைடைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் மட்டும் இன்றுவரை நான் கேட்டதிலேயே சிறந்தது.

“இப்போ நம்ம துன்ற மாத்திரைலாம் இன்னாபா? போல்ட்டு லோடு ஏத்தின லாரிய ஷாப் ஃப்ளோர் நடுவுல கவுத்து வுடுற மாதிரி. எல்லா லைனுக்கும் உருண்டுகினு போவும். வேணுன்றவனுக்கும் கெடைக்கும், வேணான்றவன் கால்லயும் இடிக்கும். பெப்டைடு அப்டி கெடையாது. நம்ம ட்ராலிக்காரன் கையில அட்டை வச்சிகினு வர்றான் பாரு, ‘நாலாவது லைன், ஏழாவது ஸ்டேஷன்’னு, அந்த மாதிரி. நேரா வருவான், அங்க மட்டும் எறக்குவான், போய்க்கினே இருப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

என் விரல்கள் அப்போது ஆறு மாதமாகவே சரியில்லை. காலையில் எழுந்தால் பத்து விரலும் வெண்டைக்காயாக வீங்கி விறைத்திருக்கும். பல் துலக்கப் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. முதல் ஷிப்டில் ஒரு மணி நேரம் மைக்ரோமீட்டர் குமிழைத் திருகுவது எனக்கு மரண வேதனை. குன்றத்தூரில் ஒரு டாக்டர் முடக்குவாதம் என்றார். வாரத்தில் ஒரு நாள் போடுகிற மாத்திரை கொடுத்து, விடாமல் போடணும், விட்டால் மூட்டு கோணிப்போய்விடும், அப்புறம் நிமிராது என்று எச்சரித்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் டிரெய்னியாக இருந்து அடுத்த மாதம் நிரந்தரம் ஆகவேண்டியவன் நான். விரல் சரியில்லாதவனை இன்ஸ்பெக்ஷனில் எவன் நிரந்தரம் ஆக்குவான்? ஊருக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸின் ஜன்னல் சீட் கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது.

மாத்திரையையாவது ஒழுங்காகப் போட்டேனா என்றால், அதுவும் இல்லை. கூடவே வந்த காகிதத்தில் ‘முடி உதிரலாம்’ என்று போட்டிருந்தது. வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இந்தச் சமயம் பார்த்துத்தான் என் ரூம் மேட் முருகேசன் ஒரு டானிக்கோடு வந்தான். ஊதா நிறப் பழச்சாறு, பெயர் ஆன்ட்டி ஆக்ஸிடன்ட். இவன் நாலு பேரைச் சேர்த்துவிட வேண்டும், அந்த நாலு பேர் பதினாறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த மாதிரி வியாபாரம்.

பேர் விஷயத்தில் ஒரு குழப்பம் நடந்தது. எங்கள் பஸ் டிரைவர் அதை ‘ஆன்ட்டி ஆக்ஸிடென்ட்’ என்று கேட்டுக்கொண்டு, இரண்டு பாட்டில் வாங்கினார். ஒன்றைக் குடித்தார். இன்னொன்றை டேஷ்போர்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “ஹைவேஸ்ல லாரிக்காரன்லாம் எப்டி வர்றான்னு பாத்தியா? இது கீறதால தான் தப்பிச்சிகினு கீறோம்” என்று அவர் சொல்ல, பைக்கில் வருகிறவர்கள் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். முருகேசனும் யாரையும் திருத்தவில்லை.

நான் மாத்திரையை நிறுத்திவிட்டு டானிக்குக்கு மாறினேன். முதல் வாரம் தேவலாம் போல இருந்தது. மூன்றாவது வாரம் சட்டைப் பொத்தான் போட முருகேசனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை துரு என் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாண்டி, குமிழ்ல உன் ஆள்காட்டி வெரல் ரேகையே காணோம். சுண்டு வெரலால திருப்புறியா?”

“பழக்கம்ணே.”

“பழக்கமா? கையக் காட்டு.”

காட்டினேன். பார்த்தார். என் டிபன் பைக்குள் கைவிட்டு ஊதாப் பாட்டிலை எடுத்தார். லேபிளைப் படித்தார், திறந்து முகர்ந்தார்.

“இது துருவ நிறுத்துமா?”

“அப்பிடித்தான் முருகேசன் சொல்லுதான்.”

“சரி,” என்றார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நாலாவது நாள் கஸ்டமர் ஆடிட். பெரிய கார் கம்பெனியிலிருந்து ஒரு ஆடிட்டர். சிரிக்கவே தெரியாத மனிதர், பேனாவைக்கூட முறைத்துப் பார்த்தார். எங்கள் மேனேஜர் முந்தின நாளே லேபை அலம்பி, துடைத்து, ஊதுபத்தி ஏற்றியிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, உப்புப் பெட்டி மூடியைத் திறக்கும்வரை.

உள்ளே கஸ்டமரின் பிராக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் நடுவே இரண்டு இரும்புத் தகடுகள். ஒன்று வெறும் தகடு, துருவேறியது. இன்னொன்று ஊதா நிறத்தில் வழிந்து, வெல்லப் பாகில் விழுந்து எழுந்தது மாதிரி இன்னும் மோசமாகச் சிவந்து போயிருந்தது.

“இது எந்த பார்ட் நம்பர்?” என்றார் ஆடிட்டர்.

துருவுக்குப் பொய் சொல்ல வராது. “பார்ட் நம்பர் கெடையாது சார். பாண்டியோட வெரலு.”

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆடிட்டர் தகட்டில் கட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். “பார்ட் பெயர்: விரல். எண்ணிக்கை: பத்து. சப்ளையர்: கோவில்பட்டி. கோட்டிங்: முருகேசன் டானிக். தேவை: அறுபது வயசு வரை துரு கூடாது.” கீழே ரிசல்ட் இருந்தது. “வெறும் தகடு: சிவப்புத் துரு ஆறு மணி நேரம். டானிக் தடவிய தகடு: நாலு மணி நேரம்.”

“சும்மா வுட்டாலே ரெண்டு மணி நேரம் கூட தாங்குது சார்,” என்று துரு விளக்கினார்.

“யார் பாண்டி?”

கையைத் தூக்கினேன். ஆறு மாதமாக மேஜைக்கு அடியில் வைத்திருந்த கை. ஆடிட்டர், மேனேஜர், மூன்றாவது லைன் குமார், எட்டிப் பார்க்க வந்த எச்.ஆர்., எல்லோரும் என் வெண்டைக்காய்களைப் பார்த்தார்கள். பூமி பிளந்தால் தேவலை என்று அதற்கு முன்னும் பின்னும் நான் நினைத்ததில்லை.

கம்பெனிக்கு ஒரு குறை எழுதப்பட்டது: சோதனைப் பெட்டியில் அனுமதி இல்லாத சாம்பிள். துருவுக்கு ஒரு மெமோ. என் நிரந்தரக் கடிதம் எச்.ஆர். மேஜையில் அப்படியே நின்றது. நான் துருவிடம் பேசுவதை நிறுத்தினேன். நாலு நாள் பக்கத்து மேஜை இருந்த திசைக்கே திரும்பவில்லை. ஐந்தாவது நாள், வார லீவில், என் ரூம் வாசலில் வந்து நின்றார். கையில் ஃபைல்.

“கெளம்பு. மெட்ராஸ்ல மூட்டு டாக்டர் ஒருத்தர்கிட்ட சீட்டு போட்டுக்கிறேன்.”

“இன்னும் என்னண்ணே பாக்கி இருக்கு? ஊரறிய மானத்த வாங்கிட்டிய. பையில செவப்பு டேக் இருக்கில்ல? எடுத்து என் கழுத்துல மாட்டிட்டுப் போங்க!”

துருவின் முகத்தில் கோபமே இல்லை. “மனுசனுக்குச் செவப்பு டேக் போட நம்ம லெவலுக்கு அதிகாரம் இல்லபா,” என்றார். அப்போதுதான் உறைத்தது. சாம்பாருக்குச் சிவப்பு, சீட்டுக்குச் சிவப்பு. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் எந்த மனிதர் மேலும், அந்த ஓ.டி. சூப்பர்வைசர் மேல்கூட, சிவப்பை மாட்டியதில்லை. நான் சட்டையை மாட்டினேன். பொத்தானை அவரே போட்டுவிட்டார்.

டாக்டர் வயதானவர், அவசரமில்லாதவர். துரு உட்காரும் முன்பே உப்புப் பெட்டி ரிப்போர்ட்டை நீட்டினார். டாக்டர் படித்தார். தோள்பட்டை குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சோதனை சுத்தத் தப்பு. உடம்பு இரும்புத் தகடு இல்லை. ஆனா தீர்ப்பு சரி. அந்த டானிக்கைத் தூக்கிப் போடுங்க.” அப்புறம் என் விரல்களை அழுத்திப் பார்த்து, முடிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திய கதையைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. “மாத்திரையை நிறுத்தினது உங்க தப்பு. இன்னும் ஆறு மாசம் இப்படியே விட்டிருந்தா விரல் கோணியிருக்கும். இப்போ வந்ததால பொழச்சீங்க. முடி கொட்டுதுன்னா என்கிட்ட சொல்லுங்க, வழி இருக்கு.”

துரு குறுக்கே புகுந்தார்.

“டாக்டர், பெப்டைடு எப்போ வரும்?”

“எதுக்கு?”

“இவனுக்குத்தான். ஏழாவது ஸ்டேஷன்ல மட்டும் எறக்குவாங்களாமே.”

டாக்டருக்கு ஸ்டேஷன் புரியவில்லை, கேள்வி புரிந்தது. “நிறையப் பேர் முயற்சி பண்றாங்க. சோதனைக் குழாய்ல நல்லா வேலை செய்யும், உடம்புக்குள்ள போனதும் செரிச்சுப் போயிடும், இல்லைன்னா போகவேண்டிய எடத்துக்குப் போகாது. இதெல்லாம் தாண்டி வரணும். எப்போன்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் இந்தப் பழைய மாத்திரை நல்லாவே காப்பாத்தும்.”

“அப்போ ஹோல்ட்,” என்றார் துரு. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் டேக்கை எடுத்து, டாக்டர் மேஜையிலேயே எழுதி, என் சட்டைப் பொத்தானில் மாட்டினார். காரணம் என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: ‘பெப்டைடு வரும் வரை.’

அதோடு விடவில்லை. எங்கள் தொழிலில் டீவியேஷன் என்று ஒரு ஃபாரம் உண்டு. பார்ட்டில் சின்ன வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வண்டி ஓடும் என்றால், அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறோம் என்று மேலிடம் கையெழுத்துப் போடுகிற ஃபாரம். மறுநாள் துரு எனக்கு ஒன்று நிரப்பிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார், என்னையும் இழுத்துக்கொண்டு. “வித்தியாசம்: காலையில் ஒரு மணி நேரம் விரல் இறுக்கம். வேலையில் பாதிப்பு: ஏழு மணிக்கு மேல் இல்லை. தற்காலிக ஏற்பாடு: அந்த ஒரு மணி நேரம் மைக்ரோமீட்டர் வேலையைத் துரு செய்வார், துருவின் ரிஜிஸ்டரை ஏழு மணிக்கு மேல் பாண்டி எழுதுவார்.”

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். ஆடிட்டில் வாங்கிய அடி இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

“ஏம்பா, உனக்கு மெமோ குடுத்து ஒரு வாரம் ஆகல. பயமே இல்லையா?”

“கீது சார். கையெழுத்து இங்க போடணும்.”

மேனேஜர் போட்டார். அந்த மாதமே என் கடிதம் வந்தது. துரு சீனியர் ஆகவேண்டியது அந்த மெமோவால் ஒரு வருஷம் தள்ளிப்போனது என்பதை நான் ரொம்ப நாள் கழித்துக் குமார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போய்க் கேட்டபோது, “சீனியர் ஆனா உப்புப் பெட்டிய வேற ஆள்கிட்ட குடுக்கணும்பா, உருப்படியா பாத்துப்பானா?” என்றார். முருகேசனின் மிச்ச பாட்டில்களைப் பஸ் டிரைவர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். இன்றுவரை அந்த பஸ் எதிலும் மோதவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இது நடந்து ஐந்து வருஷமாகிறது. நான் வேறு கம்பெனிக்கு மாறி, குன்றத்தூரில் குடும்பமாக இருக்கிறேன். முடி கொஞ்சம் போனது. பெண் அப்படியும் சம்மதித்தாள். விரல்கள் பத்தும் நேராக இருக்கின்றன, இதை அவற்றால்தான் எழுதுகிறேன்.

ஹோல்ட் டேக்குக்கு ஒரு விதி உண்டு: வருஷத்துக்கு ஒரு தடவை, அதை மாட்டிய ஆளே நேரில் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். துரு விதியை மீறுகிறவர் இல்லை. வருஷா வருஷம் வல்லக்கோட்டையிலிருந்து பஸ் மாறி வருவார். முதலில் எங்கள் வீட்டு கேட்டைச் சுரண்டிப் பார்த்து முகம் சுளிப்பார். அப்புறம் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்ப்பார். மனைவி பீரோவிலிருந்து மஞ்சள் டேக்கை எடுத்து வருவாள்.

“பெப்டைடு வந்துச்சா?” என்று கேட்பார்.

“இன்னும் லேப்லதான் இருக்காம்ணே,” என்பேன்.

“வரும், வரும். கட்டம் தீந்து பூட்டா பின்பக்கம் எழுதிக்கலாம், எடம் கீது” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார்.

அந்த மருந்து சீக்கிரம் வரவேண்டும். என்னைவிட மோசமாகத் தவிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் அது வந்தால் டேக்கைக் கழற்றிவிடுவார் துரு. அப்புறம் எங்கள் வீட்டு கேட்டைச் சுரண்ட யார் வருவார்கள் என்று நினைத்துத்தான், இந்த வருஷம் அதற்குப் பெயின்ட் அடிக்காமல் துருப்பிடிக்க விட்டு வைத்திருக்கிறேன்.